இராவென்னாவில் ஒரு கல்லறைப் பேழை

இத்தாலியின் கீழ்க்கரையில், ஏட்ரியாட்டிக் கடலுக்கு அருகே இராவென்னா என்னும் சிறு நகர் உள்ளது. உரோமைக்குத் திருப்பயணம் செல்வோர் பலர் அதனைக் காணாமலே திரும்பிவிடுகின்றனர். அங்குள்ள புனித விட்டாலிஸ் ஆலயத்தில், வண்ணச் சில்லுகள் பதித்த ஓவியத்திலே பேரரசர் ஜஸ்டீனியன் ஒளிர்கின்றார். ஆனால் அவர் இந்நகரில் ஒருபோதும் காலடி வைத்ததில்லை. கான்ஸ்டான்டிநோபிளில் இருந்தவாறே இத்தாலியை ஆண்டார்.

தொலைவிலுள்ள எல்லை நாட்டை ஆள்வது எங்ஙனம்? அதற்கு விடை கூறுவதுபோல் அதே ஆலயத்தில் ஒரு கல்லறைப் பேழை இருக்கின்றது. அது 7-ஆம் நூற்றாண்டில் இங்கு ஆண்ட ஈசாக்கு என்னும் அர்மேனியருக்குரியது. துணையிழந்த புறாவென அவர்தம் மனைவி புலம்புவதாக அதன் கிரேக்கக் கல்வெட்டு உரைக்கின்றது. ஈசாக்கு வகித்த பதவியின் பெயர் 'எக்சார்க்'.

உரோமைப் பேரரசின் பழைய மரபில் படைத்தலைவர் வேறு, ஆட்சியாளர் வேறு. ஒருவரை ஒருவர் கண்காணிக்கவே இவ்வேற்பாடு. கி.பி. 568-இல் லொம்பார்டியர் இத்தாலிக்குள் பாய்ந்தபின் அது செல்லவில்லை. கடல் கடந்து ஆணை வரும்வரை பகைவன் காத்திருப்பானா? ஆகவே, அந்நூற்றாண்டின் இறுதியில் வாளும் துலாக்கோலும் எக்சார்க்கின் ஒரே கையில் ஒப்படைக்கப்பட்டன. திருத்தந்தையின் தேர்தலுக்குப் பேரரசர் தரவேண்டிய ஒப்புதலைக்கூடப் பின்னாளில் அவரே அளிக்கலானார்.

அத்துணை அதிகாரம் இருமுனைக் கத்தியாயிற்று. 619-இல் எலெவுத்தேரியுஸ் என்னும் எக்சார்க் தாமே பேரரசராக முயன்று, தம் வீரர்களாலேயே கொல்லப்பட்டார். 653-இல் மற்றொரு எக்சார்க், பேரரசரின் ஆணைப்படி திருத்தந்தை முதலாம் மார்ட்டினை இலாத்தரனில் சிறைப்பிடித்தார். கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம் என்ற தப்பறையைக் கண்டித்ததும், அதுபற்றிப் பேசலாகாதென்ற அரசாணையை ஏற்க மறுத்ததுமே திருத்தந்தை செய்த குற்றம்! கருங்கடலோரக் கெர்சோனில், உணவுக்கும் வழியின்றி வாடி, 655-இல் அவர் உயிர்நீத்தார்.

முதிய ஆயரைச் சிறைப்பிடிக்கப் படை இருந்தது. எல்லையைக் காக்கவோ படை போதவில்லை. 751-இல் லொம்பார்டிய மன்னன் அயிஸ்டுல்ப் இராவென்னாவைக் கைப்பற்றினான். பேரரசர் தூதரை அனுப்பினார், படையை அனுப்பவில்லை. திருத்தந்தை இரண்டாம் ஸ்தேவான் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து சென்று, பிராங்கு மன்னர் பெப்பினிடம் அடைக்கலம் தேடினார். எக்சார்க் ஆட்சி அத்துடன் மறைந்தது.

அன்பர்களே, அதிகாரத்தை ஓர் ஆணையால் வழங்கிவிடலாம். மக்களின் நம்பிக்கையை அவ்வாறு வழங்க இயலாது. துன்பத்தில் அருகே நிற்பவரையே மக்கள் தலைவராக ஏற்கின்றனர். எக்சார்க்குகளின் பெயர்களை இன்று அறிஞரே அறிவர். மார்ட்டினையோ ஆண்டுதோறும் ஏப்ரல் 13-ஆம் நாள் திருப்பலியில் நாம் நினைவுகூர்கின்றோம்.