லாகின் ஆனால் போதுமா?

சிங்கிள் சைன்-ஆனுக்காக சாம்ல் (SAML) கிளையன்ட் ஒன்றை அமைக்கிறவர்கள், லாகின் ஆனதுமே வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். யாரை உள்ளே விடக் கூடாது என்பதையும் சோதித்தால்தான் அந்த வேலை முடியும். சாம்ல் 2.0 வந்தது 2005இல். 2018இல்கூட, பயனர் பெயருக்கு நடுவே ஒரு எக்ஸ்எம்எல் கமென்ட்டைச் செருகினால், சில லைப்ரரிகள் அதற்குப் பிந்தைய எழுத்துகளை விட்டுவிட்டு வேறொருவர் கணக்கைத் திறந்துவிட்டன. இத்தனைக்கும் செய்தியின் டிஜிட்டல் கையொப்பம் செல்லுபடியாகவே இருந்தது!

"ஆபீசுக்குள் மட்டும் ஓடும் செயலிதானே, கையொப்பச் சோதனை எதற்கு?" என்பார்கள். பயனர் யார் என்று லாகின் சர்வர் கையொப்பமிட்டுத் தரும் அசெர்ஷன் பெரும்பாலும் அந்தப் பயனரின் பிரவுசர் வழியாகத்தான் வருகிறது. அவரே அதைத் திருத்தி அனுப்பலாம். அசெர்ஷன் எந்தச் செயலிக்கானது என்று சொல்லும் ஆடியன்ஸைப் பார்க்காவிட்டால், வேறொரு செயலிக்குத் தந்த அசெர்ஷனும் இங்கே செல்லும். சர்வர் கடிகாரம் தள்ளிப்போனதால், அசெர்ஷன் காலாவதியானதாகத் தெரிந்து லாகின் தோற்கிறதா? கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள், காலச் சோதனையை நிறுத்தாதீர்கள். லைவ் போகும் முன், கையொப்பம் கெட்ட ஓர் அசெர்ஷனை அனுப்பி, செயலி மறுக்கிறதா என்று பாருங்கள்.