சுறாவைப் பார்க்கப் போனவள் ஒருத்தி, செலவுக் கணக்கு ஐந்து பேருக்கு!

“சுறாவைப் பாக்கணும்னா மீன் சந்தைக்குப் போனாப் போதாதா மக்களே? அதுக்கு எதுக்கு விமானம்?” என்றார் என் மாமியார்.

அவர் கேட்டது நியாயம்தான். நாங்கள் நாகர்கோவில்காரர்கள். என் இரண்டு பிரசவத்தின் போதும், பால் நன்றாகச் சுரக்க வேண்டுமென்று பால் சுறாவை அவித்து உதிர்த்து, பூண்டு தட்டிப் போட்டுப் புட்டாகக் கிண்டிக் கொடுத்தவர் அவர். அந்தப் பத்தியச் சாப்பாட்டில் வளர்ந்த என் மகள்தான், உயிரோடு இருக்கும் சுறாவைக் கடலுக்குள்ளேயே போய்ப் பார்ப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டு, இரண்டாம் நிலைச் சான்றிதழும் வாங்கி வைத்திருக்கிறாள். வைகாசியில் கல்யாணம். “கல்யாணத்துக்கு முந்தி நாம எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை போயிட்டு வருவோம்மா. என் போனஸைப் போட்டுக்கறேன்” என்றாள். கல்யாணச் செலவு தலைக்கு மேல் நிற்கும்போது இது என்ன கூத்து என்று இவர் முணுமுணுத்தார். எனக்கோ, இனி இந்தப் பெண் நம் வீட்டுப் பெண்ணாக நம்மோடு பிரயாணம் வருவது எப்போது என்ற நினைப்பு. என் சீட்டுப் பணம் வந்திருந்தது. துணிந்து விட்டேன்.

அவள் தேர்ந்தெடுத்த இடம் மாலத்தீவின் ஃபுவாமுலா. தலைநகர் மாலேயிலிருந்து தெற்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டர், பூமத்திய ரேகையையும் தாண்டி, தன்னந்தனியாக நிற்கும் ஒரு தீவு. புலிச் சுறாக்களை வருடம் முழுவதும் பார்க்கக் கூடிய இடம் உலகத்திலேயே வெகு சில. அதில் இது ஒன்று. திருவனந்தபுரத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே. அங்கிருந்து உள்நாட்டு விமானம்.

நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட்ட போதுதான் ஒரு விஷயம் புரிந்தது. நான் பயந்தது டைவிங் செலவைப் பார்த்து. ஆனால் ஐந்து பேருக்கும் சேர்த்து வந்த நாலு லட்சத்துச் சொச்சத்தில் டைவிங்குக்கு ஆனது பத்தில் ஒரு பங்குதான்! பாதிக்கு மேல் விமானக் கட்டணமே விழுங்கி விட்டது. உள்நாட்டு விமானத்தில் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு கட்டணம், நமக்கு அதைவிட அதிகக் கட்டணம். தண்ணீரில் இறங்காத நாலு பேர் கூடப் போவதற்குத்தான் பெரும் செலவு. அப்படியானால் அந்த நாலு பேரின் பொழுதும் நல்லபடியாகக் கழிய வேண்டாமா? மகளின் டைவ் நேரத்தை எழுதிய பக்கத்திலேயே அத்தையின் பொழுதையும், பன்னிரண்டு வயதுப் பையனின் பொழுதையும் எழுதினேன்.

கிறிஸ்துமஸ், புதுவருட வாரத்தில் அங்கே விலை உச்சத்தில் இருக்கும். பொங்கலை ஒட்டிக் கிளம்பியதில் அறை வாடகை இறங்கிற்று. விசாவுக்குச் செலவில்லை. இறங்கியதும் கொடுத்து விடுகிறார்கள். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட ரசீதும் காட்ட வேண்டும். விமானத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘ஐமுகா’ என்ற படிவத்தைக் கணினியில் நிரப்ப வேண்டும். அரசாங்கத் தளத்தில் அது இலவசம். பணம் கேட்கும் போலித் தளங்களும் உண்டு, ஏமாறாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகளையும் சொல்லி விடுகிறேன். ‘பசுமை வரி’ என்று தலைக்கு, இரவுக்கு, டாலர் கணக்கில் வாங்குகிறார்கள். சின்ன விடுதிகளில் 2025 ஜனவரியில் அதை 3 டாலரிலிருந்து 6 டாலராக ஏற்றி விட்டார்கள். ஐந்து பேர், ஆறு இரவு என்றால் 180 டாலர்! அதாவது 15,000 ரூபாய்க்கு மேல். அது போக, 2025 ஜூலை முதல் அறை, சாப்பாடு, டைவ் எல்லாவற்றுக்கும் 17 சதவிகித வரி. விலை கேட்கும் போதே “வரி, சர்வீஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்தா?” என்று கேட்டு எழுத்தில் வாங்கி விடுங்கள். சாதாரணப் பிரயாண இன்ஷூரன்ஸில் டைவிங் பெரும்பாலும் சேராது. மகளுக்கென்று தனியாக ஒன்று எடுத்தோம்.

அப்புறம் ஒரு முக்கியமான விதி. டைவ் அடித்து விட்டு உடனே விமானம் ஏறக் கூடாது. ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்து நிற்கும். உயரே பறக்கும்போது அழுத்தம் குறைந்தால், கோலி சோடாவைத் திறந்த மாதிரி குமிழியாகி விடுமாம். பல நாள் டைவ் அடித்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். நாங்கள் போன மையம் 24 மணி நேரம் என்று கண்டிப்பாகச் சொன்னது. ஆகவே கடைசி ஒரு நாள் அறை வாடகை வீணாகிறதே என்று நினைக்காமல், அதை வீட்டார் எல்லோருக்குமான நாளாக வைத்து விட்டேன். மூன்று நாளில் ஆறு டைவ், நாலாம் நாள் ஓய்வு என்பது திட்டம்.

திட்டம் முதல் நாளே குப்புற விழுந்தது. போகிற வழியில் ஒரு இரவு ஹுல்ஹுமாலேயில் தங்கினோம். ஏ.ஸி.யை யார் எவ்வளவு குளிரில் வைத்தார்களோ, காலையில் மகளுக்கு மூக்கு கெட்டியாக அடைத்துக்கொண்டது. என் மருந்துப் பையில் ஜலதோஷ மாத்திரை இருந்தது. “ஒன்று போட்டுக்கோ, சரியாப் போயிடும்” என்று கொடுத்தே விட்டேன். பணம் கட்டியாயிற்றே! இரண்டு டைவ் என்றால் ஏறக்குறைய 13,000 ரூபாய். அன்று காலையில் சொன்னால் திருப்பித் தர மாட்டார்களாம்.

டைவ் மையத்தில் மாத்திரையைப் பற்றிக் கேட்டதும் அந்தப் பயிற்சியாளர் தலையை ஆட்டி விட்டார். கீழே இறங்க இறங்கக் காதில் அழுத்தம் ஏறும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் சரி செய்துகொள்ள வேண்டும். சளி அடைத்திருந்தால் காற்று போகாது, செவிப்பறையே கிழியலாம். மாத்திரை போட்டால் இறங்கும்போது வழி திறக்கும். தண்ணீருக்குள் இருக்கும்போதே அதன் வேகம் தணிந்து மறுபடி அடைத்துக்கொண்டால், ஏறி வரும்போது உள்ளே மாட்டிய காற்று வெளியேற வழியில்லாமல் போய்விடும். நான் நல்லதென்று நினைத்துக் கொடுத்தது அவளை அங்கே கொண்டு போய் விட்டிருக்கும். எனக்குக் கை கால் உதறி விட்டது.

மகள் அழுதாள். “காசு போச்சேம்மா” என்றாள். இவரும், “மெதுவா இறங்கிப் பார்க்கலாமே” என்று இழுத்தார். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, ‘எதிர்பாராதது’ என்று 20,000 ரூபாய் ஒதுக்கியிருந்த வரியைக் காட்டினேன். “இதில் எழுதிக்கலாம். காதை எதில் எழுதுவே?” என்றேன். அதோடு பேச்சு முடிந்தது.

அன்று எல்லோருமாகத் தீவைச் சுற்றினோம். உப்புக் கடலுக்கு நடுவே இரண்டு நன்னீர் ஏரிகள்! சேம்பு வயல்கள். வடகோடியில் தூண்டு கடற்கரையில் மணலுக்குப் பதில், சோழிக்குப் பாலிஷ் போட்ட மாதிரி வெள்ளைக் கூழாங்கற்கள். பையன் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. ஆனால் கடல் முரடு, குளிக்கத் தோதில்லை. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் வாவு அடோலில் ஃபுலிதூ போன்ற தீவைப் பார்க்கலாம். அங்கே ஆழமில்லாத தண்ணீர் உண்டு. சாதுவான நர்ஸ் சுறாக்களைப் பக்கத்து அலிமதாவில் பார்க்கலாம். மதுவும் பன்றி இறைச்சியும் ஊருக்குள் கிடையாது. தோளும் முழங்காலும் மறைய உடுத்துவது மரியாதை. நம் சுடிதார், புடவைக்குப் பிரச்னையே இல்லை.

சாப்பாட்டு மேஜையில் காலையில் தேங்காய்த் துருவலோடு மீனைப் பிசைந்து, ரொட்டியோடு வைத்தார்கள். மாஸ் ஹுனி என்று பெயர். அத்தை ஒரு விள்ளல் வாயில் போட்டதும் முகம் மலர்ந்து போயிற்று. “ஏ, இது நம்ம மாசில்லா!” நம் பக்கத்துக் கடைகளில் மாசிக் கருவாடு என்று வாங்குவது மாலத்தீவுச் சூரை மீன்தானே! அன்றிலிருந்து சமையலறை அவர் வசம். சுக்குக் காப்பியும், ஆவி பிடித்தலும் அங்கிருந்தே வந்தன.

ஒரு நாள் முழுக்க ஓய்வெடுத்த பிறகு, மறுநாள் மாத்திரை இல்லாமலே மூக்கு திறந்தது. பயிற்சியாளர் காதைச் சோதித்து விட்டுத்தான் அழைத்துப் போனார். சுறா வரும் இடம் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. மீனவர்கள் சூரையை அறுத்துக் கழிவைப் போட்டுப் போட்டுப் பழகிய இடம். “மீன் ஆயற எடத்துக்குப் பூனை வாற மாதிரி” என்றார் அத்தை. நானும் அவரும் துறைமுகச் சுவரில் உட்கார்ந்தோம். எனக்குக் கடிகாரத்தின் மேலேயே கண். ஐம்பது நிமிஷம் ஒரு யுகம். அத்தை பாட்டுக்கு, கையிலிருந்த முறுக்கைத் தின்றுகொண்டிருந்தார்.

மேலே வந்தவளுக்குப் பேச்சே வரவில்லை. பிறகு கொட்டினாள். கருப்புக் கையுறை போட்டு, கைகளை உடம்போடு ஒட்டி, தரையை ஒட்டி வரிசையாக இருக்க வேண்டுமாம். சுறாவுக்கு முதுகைக் காட்டவே கூடாதாம். ஏழு சுறாக்கள். நம் வீட்டுத் திண்ணை நீளம் ஒவ்வொன்றும். உடம்பின் வரிகளைப் புகைப்படம் எடுத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் வைத்திருக்கிறார்கள். அப்படி இதுவரை 200-க்கும் மேலே கணக்காகியிருக்கிறது. அதில் பெரும்பாலும் பெண் சுறாக்கள், பலதும் கர்ப்பிணிகள்.

“வயித்துப் பிள்ளைக்காரியா?” அத்தை முறுக்கைக் கீழே வைத்து விட்டார். “அதையா இங்க பிடிக்காங்க?”

“பிடிக்க மாட்டாங்க ஆச்சி. 2010-லயே நாடு முழுக்கச் சுறா பிடிக்கத் தடை போட்டாச்சு.”

அத்தை கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன நினைத்தாரோ, கேட்கவில்லை.

ஆறு டைவில் நாலுதான் நடந்தது. ஓய்வு நாளன்று ஐந்து பேரும் ஏரியில் படகு விட்டோம். மகள் என் மடியில் தலை வைத்துத் தூங்கிப் போனாள். கல்லூரிக்குப் போன பிறகு அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

திருவனந்தபுரத்தில் இறங்கி, காருக்குக் காத்திருக்கும்போது அத்தை தன் பாஸ்போர்ட்டை என்னிடம் நீட்டினார். அவருக்கு வயது எழுபத்தொன்று. அறுபது தாண்டியவர்களுக்குக் கட்டணத்தில் பத்து சதவிகிதம் தள்ளுபடி என்று நான்தான் எடுத்துக் கொடுத்தது.

“இது எத்தனை வருஷத்துக்கு ஓடும்?”

“பத்து வருஷம் அத்தை.”

“பத்திரமா வையி. நீ சீட்டு மறுபடி போடுவேல்லா?”