வெளிச்சம் வந்த வழி

சூளூர்பேட்டைக்குக் கிழக்கே, ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, புலிக்காட்டு ஏரியின் உவர்க்காற்று வீசும் எங்கள் சிற்றூரில், 2023-ஆம் ஆண்டு பங்குனி பிறந்ததிலிருந்து, காலையெல்லாம் யாதொரு குறையுமின்றி வேலை செய்த இன்டர்நெட் பிற்பகல் மூன்று மணியானதும் நின்று போவதும், இரவு வெகுநேரம் கழித்து யாரும் தொடாமலே திரும்பி வருவதுமாக ஒரு விசித்திரம் எங்கள் வீட்டில் நடந்து வந்தது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் என் மகள், மாலை நேரத்துக் கூட்டங்களுக்காக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சூளூர்பேட்டையில் இருக்கும் சிநேகிதி வீட்டுக்கு ஓடுவாள். இணைப்புக் கொடுத்தவர்களுக்கு ஃபோன் செய்தால், பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்கள். சாயங்காலம் எல்லாரும் படம் பார்ப்பதால் லோடு தாங்கவில்லை என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஆனால் அதே கம்பத்திலிருந்து லைன் வாங்கிய எதிர்வீட்டில் படம் தடையின்றி ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு ஊரே மொட்டைமாடியில் நின்று, ஒன்வெப் நிறுவனத்தின் 36 செயற்கைக்கோள்களைச் சுமந்துகொண்டு எல்விஎம்-3 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டா தீவிலிருந்து எழும்புவதைப் பார்த்தோம். முந்தைய அக்டோபரில் போன 36-ஐயும் சேர்த்தால், கம்பியும் கம்பமும் எட்டாத தேசங்களுக்கு இன்டர்நெட் கொடுப்பதற்காக எங்கள் கரையிலிருந்து 72 செயற்கைக்கோள்கள் வானேறிவிட்டன. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, வழக்கம்போல், எங்கள் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. இந்த வீட்டுக்குள் வருவது என்ன, அது எங்கிருந்து வருகிறது, யார் யார் கைப்பட்டு வருகிறது என்று அடிவரை சென்று பார்த்துவிடுவது என அப்போதுதான் தீர்மானித்தேன்.

மறுநாள் மாலை லைன் பார்க்க வந்த இளைஞர், மஞ்சள் உறை போட்ட சிறு மீட்டர் ஒன்றை வெளியே எடுத்து, முதலில் வாசல் கம்பத்துப் பெட்டியிலும், பிறகு வீட்டுக்குள் வந்து சேரும் முனையிலும் செருகிப் பார்த்தார். கம்பத்தில் மைனஸ் பத்தொன்பது. வீட்டுக்குள் மைனஸ் இருபத்தொன்பது. இந்தக் கணக்கில் பத்து குறைந்தால் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தமாம். மைனஸ் இருபத்தேழு, இருபத்தெட்டுக்குக் கீழே போனால் பெட்டியின் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு அவர் பேனா போன்ற ஒரு லேசர் விளக்கை வயரின் முனையில் பொருத்தி, அறையின் விளக்கை அணைக்கச் சொன்னார். அந்த அரை இருட்டில், கிழக்குப் பார்த்த ஜன்னலின் சட்டத்தில், வெள்ளை வயர் உள்ளே நுழைகிற இடத்தில், முள் தைத்த விரலில் ரத்தம் கசிவதுபோல் ஒரு சிவப்புப் புள்ளி ஒளிர்ந்தது. பிற்பகலில் கடற்காற்று எழும்பி ஜன்னல் கதவைத் தள்ளிச் சாத்தும். கதவின் விளிம்பு வயரை மடக்கி நசுக்கும். இரவு காற்று அடங்கிக் கதவு தளர்ந்ததும் வயர் நிமிரும். “நெட்டு போவல சார், வெளிச்சம் இங்க வழிஞ்சு போவுது” என்றார் அவர்.

வெளிச்சம் வழிந்துபோகும் என்ற அந்தப் பிரயோகம் என் மனத்தை விட்டு அகலவில்லை. வயருக்குள் இருப்பது கண்ணாடி இழை. உறைகளை நீக்கினால் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பாகம். ஒளி ஓடும் நடுப்பகுதியோ அதனினும் பன்மடங்கு மெல்லியது. இழை நேராகவோ இளம் வளைவாகவோ இருக்கும்வரை ஒளி உள்ளேயே திரும்பத் திரும்பப் பிரதிபலித்து முன்னேறும்; கூர்மையாக மடங்கினால் வெளியேறிவிடும். 1966-இல் சார்லஸ் காவோ என்ற விஞ்ஞானி, தமது சகா ஹாக்காமுடன் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில், கண்ணாடிக்குள் ஒளி மங்குவதற்குக் காரணம் கண்ணாடியின் சுபாவம் அன்று, அதில் கலந்திருக்கும் அசுத்தமே என்று காட்டி, ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலே பேச்சை அனுப்பிவிடலாம் என்றார். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் கம்பெனி அந்த அளவைத் தாண்டிச் சாதித்தது. இன்றைய இழையில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு மிஞ்சுகிறது. காவோவுக்கு நோபல் பரிசு 2009-இல்தான் கிடைத்தது.

பிறகு நான் லைனைப் பின்தொடர்ந்தேன். கம்பம் கம்பமாக மேற்கே நடந்து, சூளூர்பேட்டையில் கேபிள்காரரின் சிறிய அறையைச் சென்றடைந்தேன். ஏர்கண்டிஷனரும் பேட்டரிகளும் உறுமும் அந்த அறையில், ஓர் இழையின் ஒளியைப் பலவாகப் பிரித்து ஊருக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து தெற்கே சென்னை. தொலைபேசி இலாகாவில் இருந்து ஓய்வுபெற்ற நண்பர் மீதியைச் சொன்னார்: தண்டவாளத்தோரமாக இழை பதிப்பதற்கென்றே ரயில்வே 2000-இல் ரயில்டெல் நிறுவனத்தைத் தொடங்கியதையும், 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,200 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் போடப்பட்டதையும். ஆயிரக்கணக்கான மைல் கடலுக்கடியில் தப்பி வந்த வெளிச்சம் என் வீட்டு ஜன்னலில் வழிந்துபோயிற்று என்பதை நினைக்க எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

மண்ணுக்கடியில் போக வேண்டிய இழை எங்கள் பக்கம் மின்கம்பத்தின் மேல் போவதற்கும் ஒரு வரலாறு உண்டு. கிராமப் பஞ்சாயத்துகளுக்கெல்லாம் இழை கொண்டுசெல்லும் திட்டத்துக்கு மத்திய சர்க்கார் 2011-இல் அனுமதி கொடுத்தது. பள்ளம் தோண்டுவதிலும் அனுமதி வாங்குவதிலும் காலம் கழிந்தது. திட்டத்துக்கு பாரத்நெட் என்ற பெயர் வந்ததே பிற்பாடுதான். எங்கள் ஆந்திர சர்க்கார் வேறு மார்க்கம் கண்டது. ஏற்கெனவே ஊர்தோறும் நிற்கும் மின்கம்பங்களையே ஆதாரமாகக் கொண்டு, துணை மின்நிலையங்களில் கருவிகளை வைத்து, சுமார் 24,000 கிலோமீட்டர் இழையை அந்தரத்தில் கட்டியது. 2017 டிசம்பர் 27 அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அதைத் தொடங்கிவைத்தார். அப்போது மாதம் 149 ரூபாய்க்கு இன்டர்நெட், டெலிபோன், தொலைக்காட்சி மூன்றும் கிடைத்தன. கம்பத்தில் கட்டிய இழை புயலுக்கும் மரக்கிளைக்கும் இரையாகும் என்பது வாஸ்தவமே. ஆயினும் அறுந்தது எங்கே என்று நிமிர்ந்து பார்த்தாலே தெரியும் என்பதும் வாஸ்தவம். நான் இந்த யோசனையின் பக்கமே.

கிராமங்களை இணைக்கும் முயற்சிக்கு இதற்கும் முந்திய தோற்றுவாயைத் தேடினால், எங்கள் தீவுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுத்த அதே 1969-இல்தான், விக்ரம் சாராபாய் தலைமையிலிருந்த அணுசக்தித்துறை அமெரிக்காவின் நாசாவுடன் கிராமத் தொலைக்காட்சிப் பரிசோதனைக்கு உடன்படிக்கை செய்தது. 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு, ஆந்திரம் உட்பட ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு ஏடிஎஸ்-6 என்ற செயற்கைக்கோள் வழியே விவசாயமும் சுகாதாரமும் பள்ளிப்பாடமும் இறங்கின. மின்சாரமே வராத ஊர்களில் பேட்டரியில் பெட்டி ஓடிற்று. அவற்றைப் பழுதுபார்க்கத் தனியே ஆட்கள் இருந்தார்கள். 1998-இல் புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரை மையமாகக் கொண்டு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் மையங்களை அமைத்தபோது, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து, வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். மதுரைக்கு அருகே மேலூர் வட்டாரத்தில் 2001-இல், சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொடர்பைக் கொண்டு, நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் கிராமத்துக் கடைகளில் இன்டர்நெட் வந்தது. அவற்றில் பல சில ஆண்டுகளுக்குள் மூடப்பட்டன. வருமானம் போதாமை ஒரு காரணம். கெட்டுப்போனதைச் சரிசெய்ய ஆள் கிட்டாமை மற்றொன்று. கருவியைப் பெரிதாக எழுதிவைத்த நாம், அதைப் பழுதுபார்த்தவர்களின் சரித்திரத்தை எழுதாமல் விட்டோம் என்பது என் தீராத குறை.

ஜன்னல் வயரைச் சுவரில் துளையிட்டு வேறு வழியாகக் கொண்டுவந்த அன்று, அந்த இளைஞர் நசுங்கிய பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, இழையின் முனைகளைச் சாராயம் தோய்த்த துணியால் துடைத்து, சிறு மெஷினுக்குள் எதிரெதிரே வைத்து மூடினார். திரையில் இரண்டு முனைகளும் இரு பனந்தூண்கள்போல் பெரிதாகத் தெரிந்தன, ஒரு பொறி, இரண்டும் ஒன்றாயின. மீட்டர் வீட்டுக்குள்ளும் மைனஸ் பத்தொன்பது காட்டிற்று. பிறகு வாசல் கம்பத்தில் ஏறியவர், வீட்டுக்கு வரும் வயரை நேராக இழுத்துக் கட்டாமல், பத்து மீட்டர் போல் மிச்சம் விட்டு, மாட்டுக்குப் புரி சுற்றுவதுபோல் அகலமான வளையமாகச் சுற்றித் தொங்கவிட்டார். எதற்குத் தம்பி இவ்வளவு வீண் என்று கீழேயிருந்து கேட்டேன்.

“மறுபடி எங்கனா அறுந்தா, இதுலேர்ந்து இழுத்துதான் சார் ஒட்டணும்” என்றார்.