எரிந்த சுருளைப் படிப்பவர்கள்

மேசை மேல் ஒரு மோட்டார் திறந்து கிடந்தது. கருகிய வார்னிஷ் வாடை கூடம் முழுக்க நிறைந்திருந்தது. சுற்றி நின்ற ஆறு பேரில் யாரும் அதைத் தொடவில்லை. "முதல்ல கண்ணு. கை அப்புறம்" என்று சொல்லிவிட்டுப் பயிற்றுநர் சுவரோரம் தள்ளி நின்றுகொண்டார்.

கோவைப் பக்கத்துச் சமுதாயக் கல்லூரி ஒன்றின் மின் பணிமனை அது. பள்ளியைப் பாதியில் விட்டவர்களும், முடித்தும் வழி தெரியாமல் நின்றவர்களும், பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் வருபவர்களும் ஒரே மேசையைச் சுற்றி நிற்கும் இடம். சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாட்டை 1995-ல் புதுவைப் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்தது. இந்தப் பக்கத்து மோட்டார் கதை அதைவிடப் பழசு. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது, 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உள்நாட்டிலேயே மோட்டார் செய்து காட்டினார்கள். அன்றிலிருந்து இந்த வட்டாரத்துக் கிணறுகளின் தலைவிதி செம்புக் கம்பியில் சுற்றப்பட்டிருக்கிறது.

மேசையில் இருந்தது 3 ஹெச்.பி. மோனோபிளாக். ஸ்டார் கனெக்ஷன். குனிந்து பார்த்த ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "சார், ரெண்டு செட்டு சுருள் கரியாக் கெடக்கு. ஒண்ணு மட்டும் புதுசாட்டமே இருக்குங்க."

"ஏன் கண்ணு?"

அவள் யோசித்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. "ஒரு பேஸ் வரலீங்க சார்."

அதுதான் விடை. மூன்று பேஸில் ஒன்று வழியில் அறுந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நின்றுவிடாது. மிச்சமுள்ள இரண்டு பேஸிலிருந்து அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்துத் தண்ணீர் இறைக்கப் பார்க்கும். ஸ்டார் என்றால் அந்த இரண்டு செட்டும் வெந்துபோகும். கரண்டே வராத மூன்றாவது செட் பளபளப்பாக மிஞ்சும். டெல்டாவாக இருந்தால் ஒரு செட் மட்டும் எரியும். சுமை கூடி எரிந்திருந்தால் மூன்றும் ஒரே சீராகக் கறுத்திருக்கும். ஒரே இடத்தில் மட்டும் பொசுங்கியிருந்தால் இன்சுலேஷனில் குறை. பயிற்றுநர் இதைக் கரும்பலகையில் எழுதவில்லை. பழைய ஸ்டேட்டர்கள் நாலைந்தை அலமாரியிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் எப்படிச் செத்தது என்று அவர்களே சொல்ல வேண்டும்.

எனக்குத் தாத்தாவின் தோட்டம் நினைவுக்கு வந்தது. ஒரே கோடையில் அவர் மோட்டார் இரண்டு முறை எரிந்தது. இரண்டு முறையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுற்றிக்கொண்டு வந்தோம். இரண்டாவது தடவைக்குப் பாட்டியின் வளையல் போனது. கடைக்காரர் நேர்த்தியாகத்தான் சுற்றித் தந்தார். ஏன் எரிந்தது என்று மட்டும் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இதைப் பயிற்றுநரிடம் சொன்னேன். "எத்தனை செட்டு எரிஞ்சிருந்துச்சுன்னு யாராச்சும் பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வளையல் தப்பியிருக்கும்.

பிறகு நோட்டு வந்தது. பழைய சுருளை அறுப்பதற்கு முன் எழுத வேண்டியவை: ஸ்லாட் எத்தனை, ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ், எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது. சுற்றுகளை இருவர் தனித்தனியாக எண்ணினார்கள். கணக்கு ஒன்று பிசகியது. மறுபடி எண்ணினார்கள். அறுத்துவிட்டால் கேட்பதற்கு ஆளில்லை. அதன் பிறகு ஸ்லாட்டைச் சுரண்டி, இன்சுலேஷன் பேப்பர் செருகி, புதுக் காயிலை விரல் நுனியால் இழை இழையாக உள்ளே இறக்கி, மூங்கில் ஆப்பு வைக்க வேண்டும். எனாமல் ஒரு இடத்தில் உரிந்தாலும் பாடு வீண். நீர்மூழ்கி மோட்டார் என்றால் கதை வேறு. தண்ணீருக்குள்ளேயே கிடப்பதால் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி, வார்னிஷ் கிடையாது.

அந்த ஆறு பேரில் ஒருவருக்கு நாற்பது வயதிருக்கும். பதினெட்டு வருடமாக வீடுகளுக்கு வயரிங் செய்கிறார். கையில் சான்றிதழ் மட்டும் இல்லை. மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்காக வருகிறார். 5 ஆண்டு செய்முறை அனுபவம் கேட்கும் தேர்வு அது. இவரிடம் அதற்கு மூன்று மடங்குக்கு மேலேயே இருக்கிறது. போர்டில் கரண்ட் இருக்கிறதா என்று இத்தனை நாளும் புறங்கையால் தட்டித்தான் பார்த்தாராம். பயிற்றுநர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "அண்ணா, உங்க கை நல்லா இருந்தது அதிர்ஷ்டம். உங்ககிட்ட வேலை கத்துக்கிற பையனுக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்கோணுமே" என்றார். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யும் இடத்தில். மறுபடி முதல் இடத்தில். டெஸ்டரே செத்துப்போயிருந்தால்? அதற்குத்தான் மூன்றாவது முறை. பிறகு பேச்சு ஆர்.சி.சி.பி. பக்கம் திரும்பியது. மனிதரைக் காக்கும் அது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிட வேண்டும். தான் வயரிங் செய்த எத்தனை வீடுகளில் அது இருக்கிறது என்று அந்த அண்ணனே யோசித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பதினெட்டு வருடம் வேலை செய்த ஒருவர் அந்த மூன்று இடங்களையும் மாணவரைப் போல வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தொட்டதைப் பார்த்தபோது எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது. பட்டம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் நம் வீடுகள் இந்தப் படிப்பைப் படிப்பாகவே எண்ணுவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

மாலையில் அந்தப் பெண்ணே மோட்டாரின் சொந்தக்காரருக்குப் போன் போட்டாள். "ஐயா, மோட்டார் மேல தப்பில்லீங்க. ஒரு பேஸ் வராமத்தான் எரிஞ்சிருக்கு. ஸ்டார்ட்டர்ல ரிலேயை ஏத்தி வெச்சிருக்கீங்களா?" மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. சுமை மீறினால் மோட்டாரை நிறுத்தும் அந்த ரிலே அடிக்கடி விழுகிறதென்று திருகி வைத்தது உண்மைதானாம். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸிங் பிரிவென்டரும் இல்லையாம்.

அவள் நோட்டில், சுற்று எண்ணிக்கைக்குக் கீழே, அதையும் எழுதினாள்.

"சுத்தி, வார்னிஷ் காஞ்சு, மெக்கர் வெச்சு இன்சுலேஷன் பாக்க வியாழக்கிழமை ஆயிரும்" என்றார் பயிற்றுநர். "நீங்களும் வாங்க. மோட்டாரை மட்டும் குடுத்துட்டு வரப் போறதில்ல, ஸ்டார்ட்டரையும் கழட்டிப் பாக்கோணும்."

வருகிறேன் என்றேன்.