கப்பலேறுமுன் கணக்கிடுங்கள்

ஆர்.எஸ்.புரத்தில் கடல் இல்லை; கடற்பயண ஆசை உண்டு. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா சுற்றுலாக் கப்பல் புறப்பட்டது முதல் நம் இல்லங்களிலும் அப்பேச்சு எழுந்துள்ளது.

அறையும் பொது உணவகச் சாப்பாடும் பொதுவாகப் பயணச்சீட்டில் அடங்கும். தனி உணவகம், இணையவசதி, கரைச்சுற்றுலா ஆகியவை பெரும்பாலும் வேறு கணக்கு. துறைமுகக் கட்டணமும் வரியும் சேர்ந்த முழுத்தொகையை முன்பதிவின்போதே எழுத்தில் கேளுங்கள். ஹலால் உணவையும் அப்போதே உறுதிசெய்யுங்கள். நாம் தொடாத மதுவும் சேர்ந்த பானத் தொகுப்பு நமக்கெதற்கு?

கப்பலில் வாங்குவதெல்லாம் அறைக்கணக்கில் ஏறும், இரவுதோறும் சரிபாருங்கள். கைப்பேசி கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பற்றினால் கட்டணம் பெருகும். ஏரோபிளேன் மோடில் வையுங்கள். முதல்நாளே சென்னை சேருங்கள். சேரன் எக்ஸ்பிரஸ் தாமதித்தால் கப்பல் காத்திராது.

கடலைக் கண்டு, படைத்தவனைப் புகழ்ந்து, கடனின்றி இல்லம் திரும்புங்கள்.