ஆறு சில்லு வீடு

மாமா அந்த பஸ்சைக் கொண்டுவந்த அன்று படலை போதவில்லை. வேலியில் இரண்டு கதிகாலைப் பிடுங்கித்தான் வளவுக்குள் எடுத்தோம். கொழும்புக்கு இரவிரவாக ஓடி ஓய்ந்த வண்டி. முன்கண்ணாடிக்குக் கீழே காய்ந்து கறுத்த தேசிக்காய் மாலை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மாமரத்தடியில் நிறுத்தியதும் மாமி குசினி வாசலில் நின்றபடி கேட்டா:

"உதை வைச்சு என்ன செய்யப் போறியள்?"

"வீடு கட்டப் போறன்."

மாமா கோண்டாவில் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கனடாவில் மகள் வீட்டுக்குப் போய்வந்த பிறகுதான் இந்த ஆசை பிடித்தது. அங்கே ஓய்வுபெற்ற கிழவனும் கிழவியும் கட்டிலும் அடுப்பும் பூட்டிய வண்டியில் மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்களாம். அப்படியொன்றில் கதிர்காமம் போக வேண்டும், போகிற வழியில் நினைத்த இடத்தில் நிறுத்திப் படுக்க வேண்டும். மானிப்பாயில் யாரும் இதற்குமுன் ஆசைப்படாத ஆசை.

முதல் வேலை சீற் கழற்றுவது. நிலத்தோடு பூட்டிய ஆணிகள் துருவில் ஒட்டிப்போயிருந்தன. மாமா ஒவ்வொன்றுக்கும் மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிட்டார். மறுநாள் சீற்றுகளுக்கடியில் கிடந்தவற்றை நான் ஒரு பேணியில் பொறுக்கிப் போட்டேன்: நாலாய் மடித்த ரிக்கற்றுகள், ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு, 25 சதக் குத்தி ஒன்று. பஸ் முழுக்க மண்ணெண்ணெய் மணம்.

அந்த மணம் வந்தால் எங்கள் தலைமுறைக்கு ஒரு காலமே எழும்பி வந்துவிடும். 1990க்குப் பிறகு போர்க்காலத் தடையில் பெற்றோல் இல்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சேலைன் குழாய் பூட்டிய சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் இருக்கும்; அதில் சில துளியை காபரேற்றருக்கு விட்டு இயந்திரத்தை உசுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை ஒழுங்கை முடியும் மட்டும் நிற்கும். இதில் மாமா விண்ணன்.

1995 ஒக்டோபர் 30 இரவும் அந்தப் புகைதான். போர் நெருங்க, வலிகாமம் முழுவதும் ஒரே நேரத்தில் வெளிக்கிட்டது. எங்கள் ஒஸ்ரினின் கூரையில் பாய், தலையணை, சோற்றுப்பானை, மாமியின் சுளகு. செம்மணி வெளியைத் தாண்டி நாவற்குழிப் பாலத்தடிக்குப் போக விடிந்துவிட்டது. மழை. சைக்கிள், மாட்டுவண்டி, கைக்குழந்தை, ஆட்டுக்குட்டி, எல்லாம் ஒரே தெருவில். கைதடியில் ஒரு வேலியோரம் அந்தக் காருக்குள் மூன்று இரவு படுத்தோம். நாலு நாளில் திரும்பலாம் என்று வெளிக்கிட்ட மாமி, திரும்பி மானிப்பாய் முத்தத்தை மிதித்தது அடுத்த சித்திரையில்.

அதனால்தான் பஸ்சுக்குள் கட்டில் போடுகிற கதை வந்ததும் மாமி சொன்னா: "வீட்டை ஒருக்கா ரோட்டிலை கொண்டு போனது காணாதே?" மாமா பதில் பேசவில்லை. அன்று பின்னேரம் முழுக்க ஒரே பலகையைச் சீவிக்கொண்டிருந்தார்.

பலகை வேலைக்கு வந்த ஆசாரி ஐயா பஸ்சைச் சுற்றிவந்து சிரித்தார். "உது பெரிய காரியமே, தம்பி? நாங்கள் தட்டிவான் கட்டின ஆக்கள்." கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் ஓடிய தட்டிவான்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழைய வெள்ளைக்காரக் காலத்து அடிச்சட்டம். அதற்குமேல் எங்கள் ஊர்த் தச்சர் கட்டிய மரக்கூடு. பின்பலகையைச் சங்கிலியில் தொங்க இறக்கிவிட்டால் அதுதான் தட்டி. வெங்காய மூட்டை, வாழைக்குலை, மீன்கூடை, அவற்றின் மேல் ஆட்கள். மற்றவன் கழித்ததை எடுத்து எங்களுக்கேற்ற கூடு கட்டிக்கொள்வது இந்த மண்ணுக்குப் பழைய பழக்கம்.

அரசும் அதைத்தான் செய்தது. 1958 தை முதலாம் திகதி தனியார் பஸ் கொம்பனிகளை எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையை ஆக்கினார்கள். பிறகு லண்டனில் ஓடிக் கழித்த இரட்டைத்தட்டு பஸ்களை நூற்றுக்கணக்கில் கப்பலில் இறக்கினார்கள். அதே இன இரட்டைத்தட்டு ஒன்றை வீடாக மாற்றிக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றுகிற இளைஞர்களை வைத்து 1963இல் 'சமர் ஹொலிடே' என்ற படம் வந்தது. கிளிஃப் ரிச்சர்ட் நடித்தது. அங்கே கழித்த பஸ் ஒருவனுக்கு உல்லாசம். இங்கே அதே பஸ் வேலைக்குப் போகிறவனுக்குத் தினப்பாடு.

இங்கே கழிந்தவை எங்கே போகின்றன? 2021இல் பழைய இ.போ.ச. பஸ்களை நெடுந்தீவுப் பக்கக் கடலில் இறக்கினார்கள், மீன் பெருகட்டும் என்று. அக்கரைத் தமிழ்நாட்டு மீனவர்கள் எதிர்த்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த மாமா, "ஒண்டை எனக்குத் தந்திருக்கலாம்" என்றார்.

வேலை நடக்க நடக்க மாமியின் வாய் மாறியது. முதலில் குறை, பிறகு திருத்தம். அடுப்பைக் கதவோரம் வைக்கச் சொன்னா, புகை வெளியே போகட்டும் என்று. காஸ் கசிந்தால் நிலத்தோடு தேங்கும் என்பதால் மாமா அடித்தட்டில் துளை போட்டார். அதற்குக் கரப்பான் வராமல் வலை கேட்டா. பஸ்சின் அகலம் ஏழு அடிக்கு மேல். கட்டிலைக் குறுக்கே போடலாம். தகரக்கூரை வெய்யிலுக்குக் கொதித்தது; நிற்கும் நேரத்துக்கு மேலே கிடுகு விரித்தோம், தெருவால் போனவர்கள் கொட்டில் என்று நினைத்தார்கள். இயந்திரத்துக்கு ஒரு பற்றறி, லைற்றுக்கு வேறொன்று; இரவு விளக்கு எரித்துவிட்டுக் காலையில் ஸ்ராட் எடுக்காமல் நிற்கக் கூடாதல்லவா.

தண்ணீர்த் தாங்கியில்தான் சண்டை. இருநூறு லீற்றர் நிரம்பினால் இருநூறு கிலோ. பின்சில்லுக்கு அப்பால் வைத்தால் மூக்கு எழும்பும், ஸ்ரியறிங் பிடிக்காது. அச்சுக்கு மேலே, வலப்பக்கம் வைத்தார். வண்டி வலப்பக்கம் சரிந்தது. மாமா தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, மாமி குசினிக்குள் போய்க் கையைக் காட்டினா. அம்மி. நாலுபேர் தூக்கி இடப்பக்கம் வைத்தோம்.

சித்திரை வருடப்பிறப்பன்று மருதடிப் பிள்ளையாரின் தேர். பிள்ளையாரும் சில்லுப் பூட்டிய வீட்டில் ஏறி வீதி சுற்றி, இருப்பிடம் திரும்புகிறவர்தான். அந்தத் தேர் பார்த்துவிட்டு வந்த மாமி, கடையில் கொடுத்த புது நாட்காட்டியை பஸ்சுக்குள் ஆணி அடித்துத் தொங்கவிட்டா. ஆடி மாதத் தாளில் ஒரு திகதியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தா.

"வெளிக்கிடுற நாளோ, மாமி?"

"வெளிக்கிடுறது அவற்றை விருப்பம். உது திரும்பி வாற நாள்."