நெல்லிக்கனியும் இழைமணியும்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியே ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் விடியற்காலையில் நின்றால் இருவகை உறக்கத்தைக் காணலாம். இரவுப் பணி முடித்துத் திரும்பும் பேருந்துகளில் சன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துப் பிள்ளைகள் உறங்குகிறார்கள். எதிர்த்திசையில், காலைப் பணிக்குச் செல்லும் பேருந்துகளில், இன்னும் உறக்கம் கலையாத வேறு பிள்ளைகள். அவர்களுள் சிலர் நம்மிடம் தமிழ் படித்தவர்கள். அப்படியொரு மாணவிக்கு நாம் இழைத்த பிழையைப் பற்றியது இக்கட்டுரை.

நாற்பத்தைந்தைக் கடந்தபின், மாலை வகுப்பில் நின்று பேசினால் கால் சோர்ந்துபோவதை உணரத் தொடங்கியிருந்தோம். காலை நடையில் பழக்கமான நண்பர் ஒருவர் ஒரு குப்பியை நீட்டினார். உயிரணுவுக்குள் இருக்கும் மின்நிலையம் மைட்டோகாண்ட்ரியா என்றும், அது பழுதடைவதே முதுமை என்றும், இவ்வில்லைகள் அதைப் புதுப்பிக்கும் என்றும் விளக்கினார். விலை மூவாயிரத்துச் சொச்சம். வாங்கினோம், மூன்று மாதம் விழுங்கினோம், தெம்பு கூடியதாகவே நம்பினோம்.

அத்தோடு நின்றிருக்கலாம். தமிழ் படித்தவனுக்கு உவமை கிடைத்துவிட்டால் வாய் சும்மா இருப்பதில்லை. முன்னாள் மாணவர் கூட்டத்தில், அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனியையும், சித்தர்களின் காயகற்பத்தையும், 120 ஆண்டு வாழ்ந்ததாக மரபு கூறும் இராமானுசர் பிறந்த மண்ணையும் இந்த இல்லையோடு முடிச்சுப் போட்டுப் பேசினோம். கைதட்டல் பலமாகவே இருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரகடம் கூட்டுச்சாலைத் தேநீர்க் கடையில் அந்த மாணவியைச் சந்தித்தோம். மின்னணுச் சாதனத் தொழிற்சாலையில் சுழற்சிமுறைப் பணி, தங்குவது விடுதியில். "ஐயா, நீங்க சொன்ன மாத்திரையை அம்மாவுக்கு வாங்கி அனுப்புறேன்" என்றாள். மகிழ்ந்தோம். "இது இருந்தா சர்க்கரை மாத்திரை வேண்டாம்னு விக்கிறவர் சொன்னாராம். அம்மா அதை நிறுத்திட்டாங்க" என்றாள் அடுத்து. கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது.

அன்றிரவுதான் முதன்முறையாக அதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தோம். 1898இல் கார்ல் பெண்டா என்ற ஜெர்மானியர் இட்ட பெயர் அது. கிரேக்கத்தில் இழை, மணி என்னும் இரு சொற்களின் கூட்டு. தமிழில் இழைமணி என்று அப்படியே பெயர்த்திருக்கிறார்கள். உணவையும் உயிர்வளியையும் கொண்டு உடலுக்கான ஆற்றலை ஆக்குவது அதன் பணி. தனக்கென 37 மரபணுக்கள் கொண்ட சிறு ஏடொன்றும் அதனிடம் உண்டு. அந்த ஏடு தாயிடமிருந்தே பிள்ளைக்கு வருகிறது.

ஆற்றலை ஆக்கும்போது சிதறும் வினைவேகம் மிக்க மூலக்கூறுகள் உயிரணுவைச் சிதைப்பதே முதுமை என்று டென்ஹாம் ஹார்மன் 1956இல் கூறினார். 1972இல் அதன் மையமாக இழைமணியைச் சுட்டினார். அச்சிதறலைத் தணிக்கும் பொருளைத் தின்றால் மூப்புத் தள்ளிப்போகும் என்ற வணிகம் இங்கிருந்துதான் கிளைத்தது. உண்மை அவ்வளவு எளியதன்று. உடற்பயிற்சி செய்த இளைஞர்களுக்கு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த 2009ஆம் ஆண்டு ஆய்வொன்றில், பயிற்சியால் விளையவேண்டிய நன்மையையே அவை மழுங்கடித்தது தெரியவந்தது. அந்தச் சிதறல் ஓரளவுக்கு உடலுக்கான சேதியும்கூட.

நம் குப்பியிலிருந்த கோஎன்சைம் க்யூ10, 1957இல் மாட்டின் இதயத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருள். நம் உடலே அதை ஆக்கிக்கொள்கிறது. இதயச் செயலிழப்பு உள்ள 420 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வு அதனால் பயன் கண்டது. ஆனால் அவர்கள் உரிய மருந்துகளோடு சேர்த்தே அதை உண்டார்கள். எதையும் நிறுத்திவிட்டு அன்று. சிதம்பரத்தில் பிறந்து 2009இல் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன், முதுமை குறித்து 2024இல் எழுதிய நூலில் இழைமணியைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். மூப்பை நீக்குவதாக விற்கப்படும் பொருள்களை ஐயத்தோடே அணுகுகிறார்.

இன்னொன்றைப் படித்தபோதுதான் நாணினோம். சர்க்கரை நோய்க்குப் பரவலாகத் தரப்படும் மெட்ஃபார்மின், கல்லீரல் உயிரணுக்களின் இழைமணியிலேயே செயல்படுவதை 2000ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தத் தாய் நிறுத்தியதும் அந்த மாத்திரையைத்தான். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கு வந்து இலவசமாகத் தந்ததை ஒதுக்கிவிட்டு, மகள் கண்விழித்து ஈட்டிய மூவாயிரத்தை விழுங்கியிருக்கிறார்.

மறுநாளே மாணவியை அழைத்து, நாம் அறியாமல் பேசினோம் என்றோம். ஊருக்குச் சென்று தாயை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனாள். சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. நல்லவேளையாக வேறு கேடு இல்லை. பழைய மாத்திரை மீண்டும் தொடங்கியது.

"நீங்களும் அதைத்தானே ஐயா சாப்பிட்டீங்க? ஏமாந்தவங்க மேல என்ன கோபம்?" என்றாள். அந்தப் பெருந்தன்மை நம்மை இன்னும் சுட்டது. நாம் ஏமாந்தது நம் பணத்தை. அவள் ஏமாந்தது நம் சொல்லால்.

இரவுப் பணியைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் 2007இல் வைத்த பன்னாட்டு ஆய்வு முகமை, 2019இல் அதை மீண்டும் உறுதிசெய்தது. அந்தப் பேருந்துகளில் உறங்கும் பிள்ளைகளின் சோர்வுக்கு எந்தக் குப்பியிலும் விடை இல்லை. வேண்டுவது உறக்கமும், நேரத்துக்குச் சோறும், நடக்கச் சிறிது பொழுதும். இவற்றைக் கூட்டத்தில் பேசினால் கைதட்டல் கிடைக்காது.

அதியமானை நாம் இன்றும் நினைப்பது அந்தக் கனி ஆயுளை நீட்டித்ததா என்று ஆராய்ந்தன்று. தனக்கென வைத்துக்கொள்ளாமல் ஈந்தான் என்பதற்காகவே. அந்த வகையில், தாயிடமிருந்து இழைமணியைப் பெற்று, தன் கூலியைத் தாய்க்குத் திருப்பித் தந்த அந்தப் பெண்ணே அதியமானின் வழியில் நின்றவள். இதை அடுத்த முன்னாள் மாணவர் கூட்டத்தில், அதே மேடையில், சொல்லவிருக்கிறோம். கூடவே நம் பிழையையும்.